சால் மேலே வந்தபோது

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாதையன் தன் ஏழு பிள்ளைகளிடம் ஒரு கொலையைக் கொடுத்தான்.

அது முப்பத்தெட்டாம் வருஷம். காவிரியிலிருந்து இரண்டு கல் தள்ளி, ஜேடர்பாளையம் போகிற பாதையில் இருந்த ஒரு சிறிய டவுனின் ஹைஸ்கூல். ஐந்தாம் பாரத்தில் நாற்பத்தொரு பேர். அதில் ஏழு பேர் சரித்திரப் புத்தகத்தை ஆடி மாதத்துக்குள்ளேயே படித்து முடித்துவிட்டு, பாக்கி நாளெல்லாம் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று சனிக்கிழமை தோறும் தனியாக ஒரு வகுப்பு எடுக்கட்டுமா என்று சரித்திர வாத்தியார் மாதையன் கேட்டபோது, பிள்ளைகளைக் கெடுத்துவிடாதே என்று மட்டும் சொல்லி ஹெட்மாஸ்டர் சாவியைக் கொடுத்தார்.

அந்த வகுப்பில் அவன் ராஜாக்களின் வருஷங்களைச் சொல்லவில்லை. மைசூர்ச் சண்டையைப் பற்றிக் கம்பெனிக்காரன் எழுதியதையும் எதிர்ப்பக்கத்தான் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே சண்டையா என்று கேட்டான். எழுதினவன் எவனாயிருந்தாலும் அவனிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எங்கே நின்றான். அங்கிருந்து என்ன தெரியும். இப்படிச் சொன்னதால் அவனுக்கு என்ன கிடைத்தது. மூன்று வாரத்தில் பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டிலும் கேட்க ஆரம்பித்து, இரண்டு பேர் உதை வாங்கியும் வந்தார்கள்.

கொலை வந்தது மளிகைக்கடையிலிருந்து. யாரோ ஒரு வக்கீல் இறந்துபோக, அவருடைய பழைய கேஸ் கட்டுகள் பொட்டலம் கட்டக் கடைக்கு வந்திருந்தன. மாதையன் வாங்கிய வெல்லத்தைச் சுற்றி ஒரு சாட்சி வாக்குமூலம் இருந்தது. அதைப் படித்துக்கொண்டே திரும்பிப் போய், அந்தக் கேஸ் கட்டில் மிச்சமிருந்ததைக் கேட்டு வாங்கினான். முதல் பக்கம் இல்லை. அது எவர் வீட்டுப் புளியோடோ போய்விட்டது. அதனால் ஊர் பேர் தெரியவில்லை. சாட்சியின் பேர் காளியண்ணன் என்றிருந்தது. மாதையன் ஆத்தூர்க்காரன், இந்தப் பக்கம் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஆனாலும் இங்கே ஊருக்குப் பத்துக் காளியண்ணன் உண்டு என்பது தெரியும். நடந்தது இருபத்தொன்றாம் வருஷம். பதினேழு வருஷம் கடந்தால் எதுவும் சரித்திரம்தான் என்று அவன் நினைத்தான். இருந்தாலும் ஜாக்கிரதைக்காகப் பேர்களை எடுத்துவிட்டு அ, ஆ, இ என்று எழுத்துப் போட்டு, கரும்பலகையில் எழுதினான்.

அ சாட்சி. ஆ, குற்றவாளி என்று தூக்கில் போடப்பட்ட பண்ணையாள். இ, செத்தவன், சாட்சிக்குப் பங்காளி, கொலை நடந்த கிணற்றில் பாதிப் பங்குக்காரன்.

"நான் என் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டிக்கொண்டிருந்தேன்," என்றது வாக்குமூலம். "சால் மேலே வந்து தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இ தொட்டி ஓரம் குனிந்து முகம் கழுவினான். ஆ பின்னாலிருந்து வந்து கொடுவாளால் பிடரியில் வெட்டினான். இ சத்தம் போடவில்லை. தலை முன்பக்கம் மடிந்து தொட்டிக்குள் விழுந்தது. சாலிலிருந்து வந்த தண்ணீர் சிவப்பாகி வாய்க்காலுக்குள் போயிற்று. ஆ இரண்டாம் தடவை தோளில் வெட்டினான். நான் ஓடிப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது."

தூக்கில் போனவன் சொன்னது ஒரே வரி. "நான் மாட்டோடு இருந்தேன்."

பிள்ளைகள் படித்தார்கள். பெரிய வகுப்பாயிருந்தால் யாராவது ஐயோ என்றிருப்பார்கள். இந்த ஏழு பேரும் பென்சிலை எடுத்தார்கள்.

ராசு, சாட்சிக்கு என்ன கிடைத்தது என்பதிலிருந்து தொடங்கினான். செத்தவனுடைய கிணற்றுப் பங்கு பங்காளிக்குத்தானே வந்திருக்கும் என்றான். கிடைத்ததாலேயே பொய்யாகிவிடாது என்று சரவணமுத்து மறுத்தான். சரவணமுத்துதான் ஏழு பேரிலும் கெட்டிக்காரன். அதைக் காட்டிக்கொள்ளாத அளவுக்குக் கெட்டிக்காரன். முக்கால் மணி நேரம் வாதம் ஓடியது. பிறகு சௌந்திரம் வாயைத் திறந்தாள். பள்ளியில் இருந்த இரண்டே பெண் பிள்ளைகளில் ஒருத்தி. தறிக்காரர் மகள், தோட்டங்காட்டில் கால் வைத்தவளில்லை.

"ஏனுங்க சார், கவல ஓட்டறப்ப மாடு எந்தப் பக்கம் பாத்து நிக்குமுங்க?"

பையன்கள் சிரித்தார்கள். தறி ஊட்டுக்காரிக்கு மாட்டுக்கு மூஞ்சி எது, வாலு எதுன்னே தெரியாதாட்ட இருக்குது என்றான் ராசு. ஆனால் மாதையன் சிரிக்கவில்லை. தெரியாதவளுக்குச் சொல்லிக் காட்டு என்று சரவணமுத்துவிடம் சாக்குக்கட்டியைக் கொடுத்தான்.

அவன் வரைந்தான். கிணற்று வாயில் இரண்டு கல்தூண். நடுவில் உருளை. உருளை மேல் வடம். வடத்தின் ஒரு நுனியில் சால், கிணற்றுக்குள். மறு நுனி மாட்டின் நுகத்தடியில். கிணற்று மேட்டிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு நீளச் சரிவு. மாடுகள் கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதில் கீழே இறங்கும். ஓட்டுகிறவன் வடத்தின் மேல் உட்கார்ந்து கூடவே இறங்குவான், அவன் கனமும் சேரட்டும் என்று. மாடு கீழே இறங்க இறங்கச் சால் மேலே ஏறும். மாடு சரிவின் அடியைத் தொடும்போது சால் உருளையைத் தொடும், சாலின் தோல் வால் நிமிர்ந்து தொட்டிக்குள் கொட்டும். கொட்டினதும் வடம் லேசாகிவிடும். அதுதான் அடையாளம். ஓட்டுகிறவன் மாட்டின் முன்னால் நின்று மூக்கணாங்கயிற்றைத் தள்ளுவான். மாடுகள் பின்னோக்கியே நடந்து மேட்டுக்கு ஏறும். சால் கிணற்றுக்குள் போகும். இப்படி நாள் முழுக்க.

ஓட்டுகிறவனை வரையப் போன அவன் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"அப்ப சால் கொட்டறப்ப," என்றாள் சௌந்திரம், "ஓட்டறவரு எங்க இருப்பாருங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பையன்கள் எல்லாம் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கவலையைப் பார்த்தவர்கள். அத்தனை நன்றாகத் தெரிந்ததால்தான் அவர்களுக்கு அது படவில்லை. நீதிபதிக்கும் வக்கீலுக்கும் அறவே தெரியாததால் படவில்லை.

சரவணமுத்து மெதுவாகச் சொன்னான், தனக்குத்தானே சொல்வதுபோல. சால் கொட்டும் நேரத்தில் ஓட்டுகிறவன் சரிவின் அடியில் இருப்பான். முப்பதடி தூரம், ஓர் ஆள் உயரம் பள்ளம். முகம் அந்தப் பக்கம். திரும்பிப் பார்த்தாலும் மேடுதான் தெரியும், தொட்டி தெரியாது. வெட்டு விழுந்ததையும், தலை மடிந்ததையும், தண்ணீர் சிவந்ததையும் பார்த்தவன் தொட்டியடியில் நின்றவன். சால் மேலேயே நின்று கொட்டியது என்றால் கீழே யாரோ ஒருவன் மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அங்கே இருந்தது மூன்று பேர். ஒருவன் தொட்டிக்குள் கிடக்கிறான்.

"மாட்டோட இருந்தேன்னு அவந்தான் சொன்னானுங்களே," என்றான். "மேய்ச்சுட்டிருந்தான்னு நெனச்சுட்டாங்களாட்ட இருக்குது. அவந்தானுங்க சார் ஓட்டுனான். வெட்டுனது சாட்சிங்க."

மாதையன் வாத்தியார் வேலைக்கு வந்த நாளாக இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் காத்திருந்தான். பேப்பரில் எழுதிக் கொடு என்றான். சரவணமுத்து உட்கார்ந்து எழுதினான். எதையோ சரிபார்க்க வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தை வாங்கிப் புரட்டினான். போலீஸ் எழுதிய இட விவரம் அதில் இருந்தது: ஒரே கல்லில் குடைந்த தொட்டி, வடகிழக்கு மூலை உடைந்தது, கிணற்றுக்கு முப்பத்திரண்டு படி.

"சார், இது எந்த ஊருங்க?"

முதல் பக்கம் போய்விட்டது என்றான் மாதையன். பையன் பேப்பரைக் கொடுத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனான். களைத்துவிட்டான் என்று மாதையன் நினைத்துக்கொண்டான். பதிவேட்டில் அவன் பேருக்கு முன்னால் 'கா' என்று ஓர் எழுத்து இருப்பது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் ஏழு பேரில் மூன்று பேருக்கு அதே எழுத்து.

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தபோது மாதையனுடைய அறைக் கதவு உதைத்துத் திறக்கப்பட்டது. வந்தவர் ஐம்பது வயதுக்காரர், வெள்ளை வேட்டி, கையில் பூண் போட்ட தடி. சரவணமுத்துவின் அப்பன் என்றார். உட்காருங்கள் என்று மாதையன் சொல்லி முடிப்பதற்குள் தடி அவன் காதோரம் விழுந்தது. விழுந்தவனுக்கு முதுகில் இரண்டு, விலாவில் ஒன்று. நிதானமாக அடித்தார், விறகு பிளக்கிறவர் போல.

"எங்கூட்டுப் பையன் சோத்துத் தட்டுக்கு முன்னால உக்காந்துட்டு, அப்பா நீங்க எங்க நின்னீங்கன்னு கேக்கறான். இதுதான் உங்க பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கறதுங்களா, வாத்தியாரே?"

அப்போதுதான் மாதையனுக்கு விளங்கியது. அ என்ற எழுத்து கதவை உதைத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றது.

காளியண்ணன் காகிதங்களைக் கேட்டார். மாதையன் முடியாது என்றான். தேடுவதற்குச் சிரமம் இருக்கவில்லை, ஒரே ஒரு பெட்டிதான். வாக்குமூலத்தையும் பையனுடைய பேப்பரையும் அடுப்பில் வைத்தார். பிறகு எந்தக் கையில் எழுதுவாய் என்று கேட்டார். மாதையன் கைகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவர் இரண்டு கையையும் புரட்டிப் பார்த்து, மைக்கறை இருந்த வலது கையை ஜன்னல் கட்டை மேல் வைத்து, தடியின் பூண் பக்கத்தால் குத்தினார். இரண்டு விரல் முறிந்த சத்தம் வலிக்கு முன்னாலேயே கேட்டது.

"காயிதம் போச்சு," என்றார். "இனிப் பையன் வாயி ஒண்ணுதான். தூக்குல போனவம் பொண்டாட்டி பெருமாயிகிட்டச் சொல்லுவேங்கறான். எழுதுனது பொய்யின்னு சொல்ற வரைக்கும் வடத்துல கட்டிக் கெணத்துக்குள்ள எறக்கறேன். வாயா, மூச்சான்னு பாத்தர்லாம்."

வண்டி போன சத்தம் கேட்டது. மாதையன் துண்டைக் கிழித்து விரல்களைச் சேர்த்துக் கட்டினான். போலீஸ் ஸ்டேஷன் நான்கு கல். காளியண்ணன் தோட்டம் இரண்டரைக் கல். அவன் தோட்டத்துப் பாதையில் ஓடினான். விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் குத்தியது. அந்தப் பையன் கடைசியாகக் கேட்ட கேள்விக்குத் தான் என்ன பதில் சொன்னோம் என்பது அதைவிட அதிகமாகக் குத்தியது.

பாதி வழியில் இரண்டு பண்ணையாட்கள் எதிரே வந்தார்கள். பையனைக் கட்டிவிட்டு மாட்டை ஓட்டு என்றாராம். அந்தப் பாவத்துக்கு மாடு ஓட்ட எங்களால் ஆகாது என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்களாம். அப்படியானால் ஓட்டுவது யார் என்று மாதையன் கேட்டான்.

"அவரேதானுங்க ஓட்டறாரு. தூக்குல போனானே அங்கமுத்து, அவம் பொண்டாட்டி பெருமாயி அங்க களையெடுத்துட்டிருந்தா. கூப்புட்டா வரமாட்டேங்கறா. சோளக்காட்டு ஓரமா நிக்கறா."

என்னோடு வாருங்கள் என்றான் மாதையன். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவன் நிற்கவில்லை.

கிணற்றை அவன் சோளக்காட்டு வழியாக அடைந்தான். தொட்டிதான் முதலில் தெரிந்தது. ஒரே கல். வடகிழக்கு மூலை உடைந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு தூண், உருளை, விறைத்து நின்ற வடம். சால் தொங்க வேண்டிய இடத்தில் சரவணமுத்து தொங்கினான். அக்குளுக்குக் கீழே வடம் சுற்றியிருந்தது. உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது. உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன.

"சொல்லுடா," என்று சரிவின் அடியிலிருந்து குரல் வந்தது. ஆள் தெரியவில்லை.

பையன் பேசவில்லை. வடம் தளர்ந்தது. அவன் கிணற்றுக்குள் போனான். முப்பதடி கீழே உடம்பு தண்ணீரை அறைந்த சத்தம் கேட்டது. மாதையன் எண்ணினான். பத்து. இருபது. முப்பது. நாற்பது. பிறகு உருளை கிறீச்சிட்டது. பையன் மேலே வந்தான். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிந்தது.

"சொல்லுடா."

மறுபடி கீழே. இந்தத் தடவை ஐம்பது வரை எண்ண வேண்டியிருந்தது.

மாதையன் பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும், காதில் ஒன்றும் இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை. கையில் களையெடுக்கும் அரிவாள். அவளும் கிணற்றைப் பார்த்தாள், பிறகு சரிவுப் பக்கம் பார்த்தாள், பிறகு மாதையனைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் கவலை எப்படி ஓடுகிறது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. பதினேழு வருஷமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

"மேல வாரப்பத்தாங்க," என்று அவள் கிசுகிசுத்தாள். "அப்ப அவருக்கு ஒண்ணும் தெரியாது."

உருளை கிறீச்சிட்டது. பையன் மேலே வந்தான், தலை தொங்கிப்போயிருந்தது. இரண்டு பேரும் எழுந்தார்கள். மாதையன் இடது கையால் அவன் இடுப்பைச் சுற்றி இழுத்தான். முறிந்த விரல்கள் அவன் விலாவில் பட்டபோது கண் இருட்டியது. பெருமாயி கால்களைப் பிடித்துத் தொட்டிக்குள் வாங்கினாள். கனம் தொட்டியில் இறங்கியதும் வடம் லேசாகிவிட்டது.

வடம் லேசானால் சால் கொட்டிவிட்டது என்று அர்த்தம். மாடுகளுக்கு அது ஒன்றுதான் தெரியும். ஓட்டுகிறவன் உடம்புக்கும் அதுதான் பழக்கம். சரிவின் அடியில் மாடுகள் தாமாகவே பின்காலை எடுத்து வைத்தன; சொல்லுடா என்று கேட்கவும் மறந்து காளியண்ணன் மூக்கணாங்கயிற்றைத் தள்ளிக்கொண்டு ஏறினார். இரண்டு மாட்டு உடம்பும் அவருக்கும் கிணற்றுக்கும் நடுவில். பெருமாயி அரிவாளை வடத்துக்குள் கொடுத்து அறுத்தாள். நார் ஒவ்வொன்றாக விட்டது. அறுந்த நுனி உருளையைச் சுற்றிக்கொண்டு கிணற்றுக்குள் விழுந்தது.

பையனைத் தொட்டிக்குப் பின்னால் இறக்கிக் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். தண்ணீர் வந்தது. பிறகு கொஞ்சம் ரத்தம். பிறகு மூச்சு.

அந்தப் பக்கம் காளியண்ணன் காத்திருந்தார். எத்தனை எண்ணினாரோ. பிறகு மாட்டை அதட்டினார். இழுக்க ஒன்றும் இல்லாத மாடுகள் சரிவில் தடதடவென்று ஓடிக் கீழே போய் மோதின. அப்புறம் அவர் மேட்டின் மேல் ஓடி வந்தார். கிணற்றுக்குள் குனிந்தார். அடியில் கறுப்புத் தண்ணீரும் அறுந்த வடமும்.

"சாமி," என்றார். "சரவணா. சாமி." குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. ஒரு காலைப் படியில் வைத்தார்.

"இங்கிருக்கறானுங்க," என்றாள் பெருமாயி.

அவர் திரும்பினார். தொட்டிக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள், பையனுடைய தலை மடியில். பக்கத்தில் வாத்தியார். சோளக்காட்டின் ஓரத்தில், பாதியில் விட்டுப்போன இரண்டு பண்ணையாட்களும் வந்து நின்றார்கள். மகன் உயிரோடிருக்கிறான் என்று தெரிந்ததும் காளியண்ணன் முகத்திலிருந்த பயம் வடிந்து, பழைய முகம் திரும்பி வந்தது.

"ஆருடி எடுத்தது? எப்ப எடுத்தே?"

பெருமாயி எழுந்திருக்கவில்லை.

"நீங்கதானுங்களே பண்ணாடி கவல ஓட்டுனீங்க. பாத்திருப்பீங்களே."

அவர் தடியை ஓங்கினார். முதல் அடி அவள் தோளில் விழுந்தது. அவள் பையனை விடாமல் குனிந்துகொண்டாள். இரண்டாவது அடி மண்டையில், நெற்றி கிழிந்து ரத்தம் பையனுடைய ஈரச் சட்டையில் கொட்டியது. மூன்றாவதற்கு ஓங்கின கை இறங்கவில்லை. பண்ணையாட்களில் மூத்தவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். பிடித்த பிறகுதான் அவனுக்கே தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. முகம் வெளிறியது, ஆனால் விடவில்லை. மற்றவன் தடியைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் எறிந்தான். காளியண்ணன் அவனை உதைத்தார், கடித்தார். மூன்று பேரும் தொட்டியின் உடைந்த மூலையில் மோதி விழுந்தார்கள். அவர் கடைசியாக எழுந்திருக்க முயன்றபோது இருவரும் அவர் முதுகில் முழங்காலை ஊன்றி, அறுந்த வடத்தின் மிச்சத்தை இழுத்துக் கையைக் கட்டினார்கள்.

கீழே மாடுகள் அசை போட்டுக்கொண்டு நின்றன.

மாதையன் பையன் பக்கம் குனிந்தான். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தான். சரவணமுத்துவின் ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. உதடு அசைந்தது, காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ஒவ்வொருக்கா மேல வாரப்பவும் அந்தப் பக்கம் பாத்தேனுங்க சார். ஒம்பது தடவைங்க." அவன் இருமினான். "ஒருக்காக்கூட அவரு தெரியலீங்க."